“8 மெகாபிட் வரை”: இணைய வேகத்தை அளந்த கதை

காய்கறிக் கடையில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை உண்டு. மாதா மாதம் காசு கொடுத்து வாங்கும் இணைய வேகத்தை யார் அளந்து பார்ப்பது? பிரிட்டனில் இந்தக் கேள்வி எப்படித் தீர்க்கப்பட்டது என்று பார்ப்போம்.

2000களின் பிற்பாதியில் அங்கே பிராட்பேண்ட் விற்பனையில் கடும் போட்டி. விளம்பரங்களில் அடிக்கடி தென்பட்ட வாசகம் “8 மெகாபிட் வரை”. சூட்சுமம் எல்லாம் அந்த “வரை”யில்தான். அன்று பல வீடுகளுக்குப் பழைய டெலிபோன் செம்புக் கம்பி வழியாகத்தான் இணையம் வந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்துக்கு வந்தால் இன்னும் குறையும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒரே கட்டணம் கட்டினார்கள், கிடைத்த வேகம் மட்டும் வேறு வேறு!

வேகத்தைச் சோதிக்கும் இணையதளங்கள் அப்போதே இருந்தன. ஆனால் அந்தச் சோதனை சாட்சியாக நிற்காது. வைஃபை பலவீனமாக இருக்கலாம், வீட்டில் இன்னொருவர் ஏதாவது டவுன்லோட் செய்துகொண்டிருக்கலாம். தவிர, வேகம் குறைந்தவர்கள்தான் அதிகம் சோதித்துப் பார்ப்பார்கள். அதை வைத்து நாட்டின் சராசரியைச் சொல்ல முடியாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் இதற்கு ஒரு வழி கண்டது. சாம்நோஸ் என்ற நிறுவனத்தின் துணையோடு 1,600க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சிறு பெட்டி வைக்கப்பட்டது. இணைப்பை யாரும் பயன்படுத்தாத நேரம் பார்த்து, பெட்டி தானாகவே வேகத்தை அளக்கும். தகவல் போய்த் திரும்பும் தாமதத்தையும், வழியில் தொலைந்துபோகும் தகவலையும் கூடக் கணக்கெடுக்கும்.

2009 ஜூலையில் முடிவு வெளிவந்தது. விளம்பரப்படி சராசரி வேகம் 7.1 மெகாபிட், வீட்டில் கிடைத்தது 4.1. அதாவது சொன்னதில் 58 சதவீதம். 2010 மே மாத அளவீட்டில் உண்மை வேகம் 5.2 ஆக உயர்ந்தது. விளம்பர வேகமோ 11.5 ஆகிவிட்டது! வேகம் கூடியும் இடைவெளி பெருத்தது. சொன்னதில் 45 சதவீதம்தான் வந்தது.

அதன் பிறகுதான் விதிகள் இறுகின. 2012 ஏப்ரல் முதல், குறைந்தது 10 சதவீத வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கும் வேகத்தையே விளம்பரம் செய்யலாம் என்றானது. பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்காவிட்டாலும் விதிப்படி அது சரியே! 2018 மே மாதம் அது மாற்றப்பட்டது. நெரிசலான இரவு 8 முதல் 10 மணிக்குள், பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் சொல்ல வேண்டும்.

விளைவு? 17 மெகாபிட் என்று விற்ற பல நிறுவனங்கள் அதே இணைப்பை 10 அல்லது 11 என்று விளம்பரம் செய்யத் தொடங்கின. கம்பி அதேதான், எக்ஸ்சேஞ்சும் அதேதான். அளக்கும் இடம் விற்பவரின் கடையிலிருந்து வாங்குபவரின் வீட்டுக்கு மாறியது, அவ்வளவுதான்.