இரவுக் கணக்கு

ஒரு வாரத்துக்குப் பதினான்கு கோடுகள், ஒரு நாளைக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளுக்கு முன்னால் 'ஜி' என்று ஒரு பெரிய ரோமன் எழுத்து. மற்ற நாட்களுக்கு அதே எழுத்து, கொஞ்சம் சின்னதாக. திருத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு குறையை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை உட்கார்ந்து, அந்தக் குறையில் எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணி, கோட்டின் மேல் அத்தனை புள்ளிகள் வைக்க வேண்டும். அப்புறம் முதல் கோட்டை இரண்டாவதோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

முதன்முதலில் இதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஆபீஸில் பக் எண்ணிக்கைக்கு நாங்கள் போடும் சார்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இது 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு ரோமில் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இருக்கிறது. எழுதியவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார்.

நாள் முடிவில் தன்னைத் திரும்பிப் பார்ப்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த வழக்கமில்லை. ரோமானியத் தத்துவவாதி செனகா, கோபத்தைப் பற்றிய தன் நூலில் இதைச் சொல்கிறார். விளக்கை எடுத்துப் போன பிறகு, இவருடைய பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் அலசுவாராம். செனகாவின் கணக்கு அவரே நீதிபதியாக இருந்து விசாரித்து, அவரே மன்னித்துவிடும் கணக்கு. இஞ்ஞாசியாருக்கு அது அவ்வளவு சுலபமாக அமையவில்லை.

1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்தவருக்குப் படிக்கக் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும் மட்டுமே. எழுந்து நடமாடியதும் மொன்செராத்து மடத்துக்குப் போனார். வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதிவைத்து, மூன்று நாட்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அங்கிருந்து மன்ரேசா.

மன்ரேசாவில்தான் கணக்கு அவரைத் தின்ன ஆரம்பித்தது. எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோமோ? சொன்னதைச் சரியாகச் சொன்னோமா? மறுபடி பாவசங்கீர்த்தனம், மறுபடி சந்தேகம். தங்கியிருந்த அறையில் ஒரு பெரிய துவாரம் இருந்தது. அதன் வழியே குதித்துச் செத்துவிடலாம் என்ற எண்ணம் பலமுறை வந்தது. கடவுள் பதில் சொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். குரு கண்டித்த பிறகே உண்டார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், நூலில் கோத்த மாதிரி பழைய பாவங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசி வருடங்களில் கொன்சால்வெஸ் த காமரா என்பவரிடம் தன் கதையைச் சொன்னபோது, இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை.

தூக்கத்திலிருந்து விழித்தது போல ஒரு நாள் தெளிவு வந்தது. இனிமேல் கடந்தகாலப் பாவம் எதையும் மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு அந்த நோய் விட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதினான்கு கோடுகளைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. கணக்கு எழுதி எழுதியே சாவின் விளிம்புக்குப் போய்வந்த ஆள், அதற்குப் பிறகும் ஏன் கணக்கைக் கைவிடவில்லை?

விடை, அவர் வகுத்த ஆன்ம சோதனையின் வரிசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொத்தம் ஐந்து படிகள். முதல் படி பாவத்தை எண்ணுவதல்ல, நன்றி சொல்வது. இரண்டாவது, தன்னைப் பார்க்க வெளிச்சம் கேட்பது. மூன்றாவதுதான் கணக்கு: எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி, நினைத்தது, பேசியது, செய்தது. நான்காவது மன்னிப்பு. ஐந்தாவது, திருந்துவேன் என்ற தீர்மானம். அதன்பின் ஒரு 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே'. அவ்வளவுதான், நாள் முடிந்தது.

கணக்குக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார், பாருங்கள். நன்றி முன்னால் நிற்கிறது, மன்னிப்பு பின்னால் நிற்கிறது. விசாரணை இன்று காலைக்கு முன்னால் போவதில்லை. பகலில் தவறும்போது என்ன செய்வது? நெஞ்சில் ஒரு கை வைத்தால் போதும். கூட்டத்தின் நடுவில்கூட யாரும் கவனிக்காமல் செய்துவிடலாம் என்று அவரே குறித்திருக்கிறார். நூலின் கடைசியில் இந்த மனஉறுத்தல்களைப் பற்றித் தனிக் குறிப்புகளே உண்டு. மென்மையான மனசாட்சியைச் சாத்தான் இன்னும் மென்மையாக்கப் பார்ப்பான், தடித்ததை இன்னும் தடிக்க வைப்பான், அதனால் நீ எதிர்த்திசையில் போ என்கிறார். பட்டவருக்குத்தான் இது தெரியும்.

பாரிஸில் இஞ்ஞாசியாரின் அறைத்தோழராக இருந்த சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த போர்த்துக்கீசியச் சேசு சபைக் குரு அன்றிக் அடிகளார் தமிழ் கற்றுக்கொண்டார். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூலான 'தம்பிரான் வணக்கம்' (1578) அவருடையது. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான ஒரு கையேட்டையும் அச்சிட்டார். 1586-இல் புனிதர்களின் கதைகளைத் தமிழில் கொண்டுவந்தார். 'ஃப்ளோஸ் சாங்தோரும்' என்று பெயர். இஞ்ஞாசியார் கால் முறிந்து கிடந்தபோது படித்ததும் இதே பெயரால் அறியப்பட்ட நூல்வகைதான். ஆக, தமிழ் அச்சேறிய முதல் பத்தாண்டுக்குள்ளேயே அவரைப் படுத்திய கணக்கும் வந்துவிட்டது, அவரை எழுப்பிவிட்ட கதைகளும் வந்துவிட்டன.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் இரவு ஒரு மணிக்குப் படுத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மீட்டிங்கில் உளறியதை நினைத்துப் புரளும் ஆள். அதை ரொம்ப நாளாகச் சுயபரிசோதனை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மன்ரேசாவைப் படித்த பிறகு அந்தப் பெயரை அதற்குக் கொடுக்க முடியவில்லை. அன்றைய கணக்கை அன்றைக்கே மூடத் தெரியாதவனிடம் இருப்பது வெறும் கடன் பட்டியல்.

இப்போதெல்லாம் விளக்கை அணைத்ததும் இன்று காலையிலிருந்து மட்டும் யோசிக்கிறேன். முதலில் நல்லதாக நடந்த ஒன்று. சில நாட்களில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன்.