தசமபாகக் களஞ்சியமும் கெடாவின் நெல் ஸக்காத்தும்

தசமபாகம் என்னும் சொல் தமிழருக்குப் பெரிதும் கிறித்துவ வேதாகமத்தின் வழியே அறிமுகமானது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சமயத்திற்குச் செலுத்துவது அதன் பொருள். பிரெஞ்சு நாட்டில் இது விருப்பக் கொடையாக நிற்கவில்லை. சார்லமேன் 779ஆம் ஆண்டில் இதனை அனைவருக்கும் உரிய கடமையாக்கினார். 1789 ஆகஸ்டில் புரட்சி மன்றம் ஒழிக்க முடிவு செய்யும்வரை இது நிலைத்திருந்தது. இவ்வாறு திரண்ட தானியத்தைச் சேர்த்துவைக்க எழுந்தவையே தசமபாகக் களஞ்சியங்கள். எனினும், இன்று அப்பெயரால் வழங்கும் கட்டடங்கள் பலவும் துறவு மடங்களின் சொந்தப் பண்ணைக் களஞ்சியங்களே. புரோவேன் நகரிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம்கூடத் தொடக்கத்தில் வணிகர்க்கு உரியதாயிருந்து, பின்னரே தசமபாகத் தானியத்தை ஏற்றது.

பங்கு பிரித்தல் வயலிலேயே நிகழ்ந்தது. தண்டுவோர் வந்து தமக்குரிய கதிர்க்கட்டுகளை எடுக்கும்வரை உழவர் தம் விளைச்சலை வீட்டிற்குக் கொண்டுசெல்ல இயலாது. பெயர்தான் பத்தில் ஒன்று. பல ஊர்களில் பன்னிரண்டில் ஒன்றோ பதின்மூன்றில் ஒன்றோதான் கொடுக்கப்பட்டது. ஆகவே, உழவரின் மனக்குறைக்கு அளவு மட்டும் காரணமன்று. அத்தானியம் யாருடைய களஞ்சியத்தைச் சேர்ந்தது என்பதே முதன்மையான வினா எனலாம். ஊர்க் குருவின் வாழ்வுக்கும் கோயிற் பழுதுக்கும் ஏழையர்க்கும் உரிய பங்கு, தொலைவிலிருந்த மடங்களுக்கும் சில இடங்களில் நிலப்பிரபுக்களுக்கும் போயிற்று. ஊர்க் குருவுக்கு எஞ்சியது 1768ஆம் ஆண்டு ஆணைப்படி ஆண்டுக்கு 500 லீவர் ஊதியமே.

தமிழகத்துக் கோயிற் களஞ்சியத்தை இதற்கு நிகராக வைப்பது பொருந்துமா? பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்தில், 1600க்கும் 1634க்கும் இடையில் எழுந்த செங்கற் களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளக்கூடியது. ஆயினும், கோயிலுக்கு வந்த நெல் எல்லா உழவரும் கொடுத்த பத்திலொன்று அன்று; தேவதான நிலங்களின் வருவாய். அரசன் தனக்குரிய இறையைக் கோயிலுக்கு மாற்றித் தந்தான். பிரான்சிலோ கடவுளுக்குரிய பங்கு சில இடங்களில் பிரபுக்களின் கைக்கு மாறியது. திசை நேர் எதிரானது.

உண்மையான ஒப்புமை நமக்கு அருகிலேயே உள்ளது. சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத் தமிழர்க்குக் கெடா என்றால் ரப்பர்த் தோட்டமே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் நாட்டார்க்கு அது 'ஜெலாப்பாங் பாடி', அதாவது நெற்களஞ்சியம். இசுலாமிய நெறிப்படி, மழைநீரால் விளையும் தானியத்தில் பத்தில் ஒன்றும், செலவிட்டு நீர்பாய்ச்சி விளைவிப்பதில் இருபதில் ஒன்றும் ஸக்காத் ஆகும். முன்னர் மலாய் உழவர் இதனைத் தம் ஊர்ச் சமய ஆசிரியருக்கும் பள்ளிவாசலுக்கும் எளியோர்க்கும் நேரே வழங்கினர். 1955ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மாநில நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. 'அமில்' எனப்படும் தண்டுவோர் ஊர்தோறும் அமர்த்தப்பட்டனர்.

முடா சமவெளியில் 1978 முதல் 1980வரை களஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட், அடுத்து நிகழ்ந்ததை விரிவாகப் பதிவு செய்துள்ளார். கலகமோ ஊர்வலமோ இல்லை. உழவர் விளைநிலத்தைக் குறைத்துக் கூறினர், விளைச்சலை மறைத்தனர், நனைந்த நெல்லையும் கல் கலந்த நெல்லையும் அளந்தனர். 1987இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இதனைப் பிரெஞ்சுத் தசமபாகத்துடன் ஒப்பிட்டார். அங்கும் உழவர் இரவில் அறுத்தனர். மெலிந்த கட்டுகளை விட்டுவைத்தனர். பங்கு விதிக்கப்படாத புதுப் பயிர்களை விதைத்தனர்.

இவற்றைச் சமயப்பற்றுக் குறைவு என்று கொள்வது தவறாகும். அமிலுக்குக் குறைத்தளந்த அதே கெடா உழவர், தம் ஊர் எளியோர்க்கும் அறுவடைக் கூலியாட்களுக்கும் 'ஸக்காத் பெரிபாடி' என்று தனியே நெல் கொடுத்து வந்தனர். அக்கொடையை எந்த அலுவலகமும் அளக்கவில்லை; எந்தக் களஞ்சியத்திலும் அது சேரவில்லை. ஆதலால், மாநிலக் கணக்கேடுகளை மட்டும் நோக்கும் ஆய்வாளர்க்கு அது புலப்படாது.