மலிவு மடிக்கணினியும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கான காத்திருப்பும்

ஆடி பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணா, நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து மாமா வாறார். என்ன லப்டொப் சொல்லிவிட? கிராபிக்ஸ் கார்ட் இருக்க வேணும், விலையும் கூடக் கூடாது." கேட்பவர்கள் கலியாண வீட்டு வீடியோக்காரர்கள், யூரியூப்பில் ஊர்க் கதை சொல்லும் பொடியள், என்னைப்போல் சுயாதீனமாக எழுதியும் படம்பிடித்தும் வாழ்பவர்கள். கையிலுள்ள காசைச் சொல்லிவிட்டு, "இல்லாட்டி கொஞ்சம் பொறுத்தால் நல்லது வருமோ?" என்றும் கேட்பார்கள்.

நானும் பொறுத்தவன்தான், மூன்று வருடம். வன்னியில் பத்தொன்பது முதியவர்களின் போர்க்கால நினைவுகளை ஒளிப்பதிவு செய்து வைத்திருந்தேன். செய்தி எழுதவென்று 2021 இல் வாங்கிய, கார்ட் இல்லாத மடிக்கணினியில் அதைப் போட்டால் குரல் ஓடும், முகம் உறைந்து நிற்கும். நல்ல கார்ட் உள்ளது ஒன்று என் விலைக்கு இறங்கட்டும் என்று ஹார்ட் டிஸ்க்கை அலுமாரியில் வைத்தேன்.

இறங்கவில்லை. 2021 இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் வேறு கார்ட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் அந்தத் தோண்டும் முறையைக் கைவிட்டபோது நெருக்கடி தளர்ந்தது. ஆனால் அதற்குள் எங்கள் ரூபா விழுந்துவிட்டது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஆயிரம் டொலர் மடிக்கணினி, வரி சேர்க்காமலே, இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ஆனது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது.

எங்கள் நாட்டுக்கு வெளியிலும் ஒரு மாற்றம் நடந்தது. குறைந்த விலைக் கார்ட் என்ற படியே மெல்ல மறைந்தது. என்விடியா 2017 இல் எம்எக்ஸ் 150 ஐக் கொண்டுவந்தபோது, சாதாரண மடிக்கணினிக்கும் தனிக் கார்ட் கிடைத்தது. 2021 டிசம்பரில் எம்எக்ஸ் 550, 570 ஆகியவற்றை அறிவித்தார்கள்; அதற்குப் பிறகு அந்த வரிசை வளரவில்லை. செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த அளவுக்கு முன்னேறியது ஒரு காரணம். மற்றது பணம். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் தரவு மைய வருமானம் 115 பில்லியன் டொலர். விளையாட்டுக் கார்ட் பிரிவின் வருமானம் 11 பில்லியன் சொச்சம். எங்கள் விலைக்குரிய கார்ட்டைப் பற்றி அங்கே யாரும் நித்திரை முழிக்கப் போவதில்லை.

எஞ்சியவற்றிலும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்று மூடியில் ஒட்டியிருக்கும். உள்ளே அது 35 வாட்ஸில் ஓடலாம், 80 வாட்ஸிலும் ஓடலாம். இரண்டுக்கும் ஒரே ஒட்டிதான். நினைவகம் 4 ஜிபியாகவும் இருக்கலாம், பின்னர் வந்ததில் 6 ஜிபியாகவும் இருக்கலாம். ஏஎம்டி பக்கத்திலும் இதே கதைதான். ரைசன் 5 7520யூ என்ற பெயர் புதிதாகத் தெரியும். அதிலுள்ள ரேடியோன் 610எம் இல் இரண்டே இரண்டு கிராபிக்ஸ் அலகுகள். ரேடியோன் 780எம் இல் பன்னிரண்டு. கடைக்காரர் இரண்டையும் "ரைசன், ரேடியோன்" என்றே சொல்வார்.

என் கண் திறந்தது தற்செயலாக. என்னுடைய மடிக்கணினியில் இருந்தது இன்டெல்லின் 11 ஆம் தலைமுறை ஐ5. அதற்கு 'ஐரிஸ் எக்ஸ்ஈ' கிராபிக்ஸ் என்று எங்கும் எழுதியிருந்தது, என் திரையில் மட்டும் 'யுஎச்டி கிராபிக்ஸ்'. செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோடும். ஒரே ரேம் துண்டு என்றால் ஒற்றைப் பாதை. பாதை இரண்டாக இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்ஈ அந்தப் பெயரில் முழு வேகத்தில் ஓடும். விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 8 ஜிபி துண்டு போட்டேன். பத்தாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. மறுபடி இயக்கியபோது பெயரே மாறியிருந்தது.

ஒளிப்பதிவுகளுக்குச் சிறிய அளவு நகல்களை, அதாவது ப்ரொக்ஸிகளை, உருவாக்கி வெட்டினேன். இறுதியில் மூலப் பதிவிலிருந்தே படம் வெளிவரும். முகம் உறையவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: சில கமராக்கள் எழுதும் 4:2:2 பத்து பிட் எச்இவிசி காணொளியை இன்டெல்லின் இந்த உள்ளக கிராபிக்ஸ் நேரடியாகவே வாசிக்கும். என்விடியா கார்ட்டுகளுக்கு அந்த வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. மின்சாரத்திலும் இலாபம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கார்ட், பற்றரியில் தன் பலத்தைப் பெரிதாகக் காட்டாது.

ஆகவே மாமாவிடம் சொல்லிவிடும்போது கார்ட்டின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். 16 ஜிபி ரேம், இரண்டு பாதையில். துண்டுகளாக வருவதென்றால், டாஸ்க் மனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனிக் கார்ட் என்றால் நினைவகம் எத்தனை ஜிபி, எத்தனை வாட்ஸ் என்ற இரண்டையும் கேளுங்கள். சாதாரண எச்டி காணொளி வெட்டுவதற்கு 4 ஜிபி கார்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

முப்பரிமாண வேலை, 4கே, வண்ணத் திருத்தம் என்று பிழைப்பவர்களுக்கு மட்டும் காத்திருப்பில் நியாயம் உண்டு. 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050 இல், வரிசையின் அடிப்படியிலேயே 8 ஜிபி கிடைக்கிறது. பழைய இருப்பாக அதன் விலை இறங்கும் நாளைப் பார்க்கலாம். ஆனால் 2025 இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியதையும் கணக்கில் எடுங்கள்.

அந்தப் பத்தொன்பது பேரில் முள்ளியவளையில் ஓர் அம்மா இருந்தார். காணும்போதெல்லாம், "தம்பி, என்ர படத்தை எப்ப காட்டுவியள்?" என்று கேட்பார். "புது லப்டொப் வரட்டும் அம்மா" என்பேன். 2023 இல் அவர் காலமானார். ரேம் போட்ட பிறகு நான் முதலில் வெட்டியது அவருடைய பதிவைத்தான், 22 நிமிடம். ஆண்டுத் திவசத்தன்று, அதே பழைய மடிக்கணினியை விறாந்தைக் கதிரையில் வைத்து மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினேன். இப்போது ஏழாவது ஆளின் பதிவில் நிற்கிறேன்.