இலங்கையின் மின்சாரத் திட்டமிடல்

கரியமில வாயு உமிழாத மின்சாரத்தை நோக்கித் திட்டம் தீட்டும் நாடுகளிடையே இலங்கையின் கதை சற்று வேறானது. 1990களின் தொடக்கம் வரை அதன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே கிடைத்தது. எண்ணெயும் நிலக்கரியும் பெருமளவில் அதன் பிறகே வந்தன.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் அவர் வாசித்த ஆய்வுக் கட்டுரை, களனி கங்கையின் கிளை ஆறுகளைப் பயன்படுத்தும் லக்சபான திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. 1924இல் வேலை தொடங்கியும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. மனந்தளராத விமலசுரேந்திர 1931இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று வென்று அங்கும் இதையே பேசினார். லக்சபான இயங்கத் தொடங்கியது 1950இல். நல்ல திட்டம் ஏட்டில் கிடக்க, ஆண்டுகள் கழிந்துபோகும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

1969இல் இலங்கை மின்சார சபை அமைக்கப்பட்டது. அதே காலத்தில் உருவான மகாவலி கங்கைப் பெருந்திட்டம் 30 ஆண்டுகளில் முடிப்பதற்கு வகுக்கப்பட்டது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு அதைத் துரிதப்படுத்தியது. பிரிட்டன், சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் 1980களில் எழுந்தன. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட்.

மழையையே நம்பியிருந்த அமைப்பு 1996 வறட்சியில் தடுமாறியது. நீண்ட மின்வெட்டுகள் வந்தன. அவசரத்துக்கு வந்த டீசல் நிலையங்கள் நிரந்தரமாகின. அந்த எண்ணெய்ச் செலவு சபையின் கடனை ஏற்றியது. அடுத்த வழி நிலக்கரி என்பது பொறியியலாளர்களின் வாதம். 1980களிலிருந்தே பேசப்பட்டு, எதிர்ப்புகளால் தள்ளிப்போன நிலக்கரி மின்நிலையம், சீனக் கடனில் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் ஆயிற்று.

இரண்டாவது நிலக்கரி நிலையத்துக்குத் தெரிவான இடம் திருகோணமலை மாவட்டத்துச் சாம்பூர். 2006 போரில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் காணிகள் அதற்காக ஒதுக்கப்பட்டன. தங்கள் ஊருக்குத் திரும்ப அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்துடன் கூட்டாகக் கட்டப்படவிருந்த 500 மெகாவாட் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சாம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கான வேலைகள் 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டன.

திட்டத்தை எழுதிவந்தது மின்சார சபை. அதற்கு ஒப்புதல் தந்துவந்தது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. இருபது ஆண்டுகளை முன்னோக்கும் நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டம் இவ்விரண்டுக்கும் இடையே அடிக்கடி சிக்கியது. 2018–2037 திட்டத்தில் சபை நிலக்கரியைக் கேட்க, ஆணைக்குழு 2017இல் அதை நீக்கி ஒப்புதல் தந்தது; பொறியியலாளர்கள் கொதித்தார்கள். இந்த இழுபறியில் புதிய நிலையங்கள் தாமதமாக, அதன் விலையை நுகர்வோரே செலுத்தினார்கள் என்பது மறுக்க முடியாதது. 2022–2041 திட்டம் புதிய நிலக்கரி நிலையங்களைக் கைவிட்டு, 2030க்குள் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற இலக்கு வைத்தது. அதே 2022இல்தான் டொலர் தட்டுப்பாட்டில் எரிபொருள் வாங்க வழியின்றி, ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. இறக்குமதி எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை எந்த ஆய்வறிக்கையையும்விட அது நன்றாக விளக்கியது.

மன்னார்த் தீவில் சபையின் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' காற்றாலைகள் 2020 இறுதியில் திறக்கப்பட்டன. அங்கும் பூநகரியிலும் அதானி குழுமம் அமைக்கவிருந்த காற்றாலைகள், விலை மறுபேச்சும் வலசைப் பறவைகள் பற்றிய வழக்குகளும் தொடர, 2025இல் அந்நிறுவனம் விலகியதால் நின்றன.

இப்போதைய தலைவலி மின் வலையமைப்பில் உள்ளது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். குரங்கைப் பற்றி நாடே சிரித்தது. ஆனால் தேவை குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்க, தம் சுழற்சியால் அமைப்பை நிலைநிறுத்தும் கனத்த பொறிகள் குறைவாக இருந்ததால், சிறு அதிர்ச்சியைக்கூட அமைப்பு தாங்கவில்லை. அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின் அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. நாட்டின் உச்சத் தேவையோ மாலை ஆறரைக்கு மேல்தான். பகல் மின்சாரத்தை இரவுக்குக் கடத்த மின்கலத் தொகுதிகளும், நீரை மேலேற்றித் தேக்கிவைக்கும் மஹா ஓயா திட்டமும் திட்டமிடப்பட்டன.