தொழிலும் அந்தரங்கமும்: பாலியல் உரிமைப் போராட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒருவரது பாலியல் நாட்டம் அவரது அந்தரங்கம். ஆயின் அதனைச் சட்டமும் தொழில் வழங்குவோரும் தண்டிக்க முற்படுமிடத்து அது அரசியலாகிவிடுகிறது. தற்பாலீர்ப்புடைய உத்தியோகத்தர் தம்மைக் காத்துக்கொள்ள மௌனம் வேண்டும். சட்டத்தை மாற்றவோ எவரேனும் பேசியாக வேண்டும். இம்முரண்பாடே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானிய ஆட்சி தந்தது. அதன் 365அ பிரிவு, பகிரங்கத்தில் மட்டுமன்றித் தனிமையில் நிகழ்வதையும் குற்றமாக்கியது. இதனால் வீட்டுக் கதவே அரசுக்குத் திறந்துவிடப்பட்டது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண்களை மட்டும் சுட்டிய சொல்லைப் பொதுச் சொல்லாக மாற்றியமையால், பெண்களும் அதன் எல்லைக்குட் கொணரப்பட்டனர்.

பிறநாட்டு அனுபவங்கள் இரண்டு மனங்கொள்ளத்தக்கன. அமெரிக்க இராணுவப் படவரைவுத் துறையிற் பணியாற்றிய வானியலாளர் ஃபிராங்க் கமெனி, 1957இல் தற்பாலீர்ப்புக் காரணமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1961இல் அவர் வாஷிங்டனில் ஓர் உரிமைச் சங்கத்தை நிறுவினார். அவர் சொந்தப் பெயரிற் போராட, உறுப்பினர் பலர் புனைபெயரிலேயே இயங்கினர். வெளிப்பாடும் மறைவும் ஓரியக்கத்துள் ஒருங்கே இடம்பெறலாம் என்பதற்கு இது சான்று.

மற்றது துயரமானது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்தியப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ் தமது அந்தரங்கத்தை எவரிடமும் முழங்கியவரல்லர். 2010 பெப்ரவரியில் ஒளிப்படக் கருவியுடன் சிலர் அவரது இல்லத்துள் நுழைந்தனர். பல்கலைக்கழகமோ அத்துமீறலுக்கு உள்ளானவரையே பணியிடைநிறுத்தம் செய்தது. ஏப்ரல் 1ஆம் நாள் அலகபாத் நீதிமன்றம் அவ்வாணையை இடைநிறுத்தியது. ஒரு வாரத்துள் அவர் இறந்துகிடக்கக் காணப்பட்டார். அரசியலை நாடாதவரையும் அரசியல் தேடிவரும் என்பதே இதன் பாடம்.

இலங்கையில் ரொசானா ஃபிளேமர் கல்தேரா தம் பெயரிலேயே முறையிட்டார். இச்சட்டம் அவரது உரிமைகளை மீறுவதாக, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு 2022இல் முடிவு செய்தது. சட்டத்தைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறியிருக்கவில்லை.

உரும்பிராய் போன்ற யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ஆசிரியரின் மாணவர் அயலவரின் பிள்ளைகள். உடன் உத்தியோகத்தர் உறவினராகவும் இருத்தல் கூடும். ஒருவரைப் பற்றிய ஊர்ப்பேச்சு அவர்தம் சகோதரியின் கலியாணப் பேச்சு வரை செல்லும். ஆகவே கொழும்பிலோ வாஷிங்டனிலோ பெயரை வெளியிடுவதும் இங்கு வெளியிடுவதும் ஒரே விலையுடையன அல்ல. இங்குள்ளோரின் மௌனத்தைக் கோழைத்தனம் எனல் பொருந்தாது.

அவ்வாறாயின் பேச வேண்டியவர் யார்? இழப்பதற்குக் குறைவாக உள்ளவர்களே. தம் உறுப்பினருள் இன்னார் தற்பாலீர்ப்புடையர் என வினவாமலே, அனைவரதும் பணிப்பாதுகாப்புக்காக ஒரு தொழிற்சங்கம் வாதிடலாம். விரிவுரையாளரும் சட்டத்தரணிகளும் அவ்வாறே வாதிடலாம். தம்மை வெளிப்படுத்தும் முடிவு மட்டும் உரியவருக்கே உரியது. அதனை அரசு பறித்தலும் தவறு. நல்நோக்குடைய இயக்கம் பறித்தலும் தவறேயாம்.