பொன்முடியும் பொற்குடமும்

திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே பொன்முடி மலை நிற்கிறது. பொன்னும் குடமும் புணர்ந்தால் பொற்குடம். பொன்னும் முடியும் புணர்ந்தாலோ பொன்முடியே. வல்லினம் வரின் னகரம் திரியும், மெல்லினம் வரின் திரியாது என்பது விதி. கல்லூரி முதற்பருவத்தில் விதியை முன்னர்க் கற்பிப்பதா, சொற்களை முன்னர்க் காட்டுவதா?

13ஆம் நூற்றாண்டின் நன்னூல் எழுத்தையும் சொல்லையும் வகுத்தது; மாணவர் சூத்திரங்களை மனனம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் 'இலக்கணச் சுருக்க'த்தை உரைநடையில் இயற்றி, தொடர்மொழியதிகாரமும் சேர்த்தார். இலக்கணம் கட்டுரைக்கு அருகில் வந்தது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராயிருந்த வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். ஒரு சொல் பயிலும் இடங்களை முதலில் திரட்டுக. பின்னரே விதி காண்க என்னும் நெறிக்கு அத்தகைய அடைவே அடிப்படை.

வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளரும் மாணவனுக்கு இந்நெறியே ஏற்றது. அவன் கட்டுரையிற் கண்ட பிழைகளைத் திரட்டி, அவற்றுக்குரிய விதிகளை மட்டும் ஒரு பருவத்துக்கு வகுத்துக்கொண்டால், இலக்கணம் அச்சமூட்டாது. இல்லையேல் அவன் தேர்வோடு தமிழையும் விட்டுவிடுவான். பிற மாநிலங்களில் வாழும் பெற்றோரே, பிள்ளைகளிடம் சூத்திரம் கேளாதீர். முதலில் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.