விதைப்புக் கருவியும் விதைத்த கைகளும்



எங்கள் தோட்டப்பள்ளியின் பின்புறத்தில் ஒரு சிறு காய்கறித் தோட்டம் உண்டு. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆளுக்கு ஒரு பிடி பச்சைப் பயறு கொடுத்துப் பாத்தியில் விதைக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் தலைமுடி போல நெருக்கம். அடுத்த இரண்டு முழத்துக்கு வெறும் வழுக்கை. ஒரு பையன் கேட்டான்: "இதுக்கெல்லாம் ஒரு மிஷின் இல்லையா சார்? மிஷின் இருந்தா நாம ஒண்ணும் யோசிக்க வேண்டாமே!"

மிஷின் இருக்கிறது. ஆனால், அதை வைத்துக்கொண்டு யோசிக்காமல் இருந்தவன் கெட்டுப்போனான் என்பதுதான் அதன் வரலாறு. அந்த வரலாற்றை இன்று உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

விதையைக் கையால் வீசித் தெளிப்பதில் இரண்டு தொல்லைகள். மேலே கிடப்பதைப் பறவை தின்றுவிடும். முளைத்தது வரிசையாக இல்லாததால் நடுவே புகுந்து களை எடுக்கவும் முடியாது. விதையைச் சம ஆழத்தில், சம அளவில், நேர்வரிசையில் மண்ணுக்குள் இறக்க ஒரு கருவி வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, சோளம் போன்ற புன்செய்த் தானியங்களுக்கு அப்படி உண்டானதுதான் விதைப்புக் கருவி. சேற்றிலே நாற்று நடும் நெல்வயலில் இதற்கு வேலை இல்லை. சேறு புகுந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதை யார் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் புத்தகங்களில் தேடினால் ஒரே பெயர்தான் கிடைக்கும்: இங்கிலாந்து தேசத்து ஜெத்ரோ டல். 1674-இல் பிறந்தவர், வழக்கறிஞர் படிப்புப் படித்துவிட்டு, உடல்நலம் குன்றியதால் நிலத்தைப் பார்க்க வந்தவர். ஆக்ஸ்போர்டுஷயரில் இருந்த தம் பண்ணையில் ஒரு தீவனப் பயிரைச் சால் போட்டு வரிசையாக, ஆழம் தவறாமல், விதையை வீணாக்காமல் விதைக்கும்படி கூலியாட்களுக்குச் சொன்னார். அவர்கள் தங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. டல் கோபத்தில் அவர்களை நிறுத்திவிட்டார். மனிதக் கையைவிட உண்மையாக உழைக்கும் ஒரு கருவியைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தார். இது 1701-ஆம் ஆண்டையொட்டி நடந்தது.

இளமையில் ஓர் இசைக்கருவியின் பாகங்களை ஆராய்ந்து பார்த்த நினைவு அவருக்கு உதவியது. ஆர்கன் என்று சொல்கிறோமே, அதில் காற்றுக்கு வழிவிட்டு அடைக்கும் பள்ளமும் நாக்கும் வில்லும் உண்டு. அதே அமைப்பை விதைப்பெட்டியின் அடியில் வைத்தார். சக்கரம் சுழலச் சுழல, பள்ளங்கள் கொண்ட உருளை விதையை எண்ணி எடுத்தாற்போல் கீழே தள்ளியது. நாக்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகாணியும் வைத்தார். அந்தத் திருகாணியை மறந்துவிடாதீர்கள்; திரும்ப வருவேன்.

டல் பெரிய மூளைக்காரர்தான், மறுக்கவில்லை. 1731-இல் தம் முறையைப் புத்தகமாகவும் வெளியிட்டார். செடியின் வேர் மண்துகளையே தின்கிறது, ஆகவே உரம் தேவையில்லை என்று அவர் நம்பியது தவறு, அதை விட்டுவிடுவோம். என் மனத்தை உறுத்துவது வேறு. தம் வேலையாட்களைப் பற்றி அவர் எழுதிய கடுஞ்சொற்கள் அச்சில் நிற்கின்றன. அந்த வேலையாட்கள் தங்கள் பக்கத்து நியாயம் என்ன என்று எழுதி வைக்கவில்லை. கூலிக்காரனின் கையை நம்ப முடியாது, இயந்திரத்தைத்தான் நம்பலாம் என்ற எண்ணம் இந்தக் கருவியோடு சேர்ந்தே பரவிவிட்டது.

உண்மையில் டல் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே இந்தக் கருவி இருந்தது. இன்று ஈராக் என்கிறோமே, அங்கே சுமேரியர்கள் ஏரின் மேல் ஒரு புனலைப் பொருத்தி விதைத்தார்கள். ஒருவர் மாட்டை ஓட்ட, ஒருவர் ஏரைப் பிடிக்க, ஒருவர் புனலில் விதை போட்டார். நிப்பூர் நகரத்தின் மண்ணில் ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் ஏடு ஒன்று கிடைத்தது. சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர் அதைப் படித்து உலகுக்குச் சொன்னார். ஒரு முதிய உழவர் மகனுக்குச் சொல்லும் விவசாய அறிவுரைகள் அதில் இருக்கின்றன. விதை போடுகிறவர் மேல் கண் வைத்திரு, விதை இரண்டு விரல் ஆழத்தில் ஒரே சீராக விழ வேண்டும், சரியாக இறங்காவிட்டால் கொழுவின் ஆப்பை மாற்று என்பது அதன் கருத்து. பாருங்கள்! உலகத்தின் மிகப் பழைய விவசாயப் பாடத்திலேயே கருவியைச் சரிசெய்யும் பாடமும் சேர்ந்து வந்துவிட்டது.

சீனாவிலும் மூன்று கால் கொண்ட விதைப்புக் கருவி இரண்டாயிரம் ஆண்டுகளாக உண்டு. நம் முன்னோர் வந்த தென்னிந்தியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெலுங்கு நாட்டில் இதைக் கொர்ரு என்பார்கள். பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் உள்ள தெலுங்குக் குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல் சிலருக்காவது நினைவிருக்கும். ஒரு கனத்த மரச்சட்டம். அதில் வரிசையாகப் பற்கள் போன்ற கொழுக்கள். ஒவ்வொரு கொழுவின் பின்னும் ஒரு மூங்கில் குழாய். எல்லாக் குழாய்களும் மேலே ஒரு மரக்கிண்ணத்தில் போய்ச் சேரும். மாடு இழுக்க, பின்னால் நடக்கும் பெண் பிடி பிடியாக விதையை அந்தக் கிண்ணத்தில் விடுவாள். பற்சக்கரமும் இல்லை, திருகாணியும் இல்லை. மாட்டின் நடை விரைந்தால் அவள் விரல் விரைய வேண்டும். மாடு தயங்கினால் விரல் தயங்க வேண்டும். எல்லாக் குழாய்க்கும் சமமாகப் பங்கிட வேண்டும். டல் செய்த உருளையும் நாக்கும் வில்லும் திருகாணியும் செய்த வேலை முழுவதையும் அந்தப் பெண்ணின் ஐந்து விரல்கள் செய்தன.

1795-இல் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் குதிரையில் போகும்போது வயலில் இதைக் கண்டு திகைத்துப் போனார். இது ஐரோப்பாவில் அண்மையில் தோன்றிய பொருள் என்றல்லவா அவர் எண்ணியிருந்தார்! அதன் எளிமையையும் மலிவையும் பாராட்டி லண்டனில் இருந்த விவசாய வாரியத்துக்கு எழுதினார். ஆளை நம்ப முடியாது என்று டல் இயந்திரம் செய்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, ஆளையே நம்பி ஓடும் கருவிக்கு இப்படி ஒரு நற்சான்று!

இனி, அந்தத் திருகாணிக்கு வருவோம். டல் தம் கருவியைச் செய்து முடித்தாலும் அது உடனே ஊரெங்கும் பரவவில்லை. மரப்பாகம் ஈரத்தில் உப்பியது, வில் தளர்ந்தது, விதை சிக்கியது. கிராமத்துக் கொல்லனுக்கும் தச்சனுக்கும் அதைப் பழுதுபார்க்கத் தெரியவில்லை. திருகாணி இருந்து என்ன? எந்த விதைக்கு எவ்வளவு திருப்புவது என்று தெரிந்த கை வேண்டுமே! ஒரே பெட்டியில் நேற்று சிறிய விதை, இன்று பெரிய விதை. நேற்று காய்ந்த மண், இன்று ஈர மண். 1782-இல் ஜேம்ஸ் குக் என்ற பாதிரியார் சிறு கிண்ணங்கள் விதையை அள்ளிப் போடும் கருவிக்கு உரிமை பெற்றார். பற்சக்கரத்தை மாற்றினால் விதையின் அளவு மாறும். அதன் பிறகே கருவி ஓரளவு அடங்கி நடந்தது.

1800-இல் சஃபோக் மாவட்டத்தின் பீசன்ஹால் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் ஸ்மித் என்ற வண்டிச்சக்கரத் தச்சர் விதைப்புக் கருவிகள் செய்யத் தொடங்கினார். அவருடைய தொழிலகம் 1967 வரை நடந்தது. வரிசைக்கு இடையே உள்ள தூரத்தை மாற்றலாம். மண் இறுகியிருந்தால் கொழுவின் நெம்புகோலில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஆழத்தைக் கூட்டலாம். கருவியை விலைகொடுத்து வாங்க முடியாத குடியானவர்களுக்காக, அதைக் கையாளத் தெரிந்தவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஊர் ஊராகப் போய் விதைத்துக் கொடுத்தார்கள். எதுவரை போனார்கள் தெரியுமா? ஆக்ஸ்போர்டுஷயர் வரை! டல் தம் ஆட்களை விரட்டிய அதே மாவட்டத்துக்கு, இந்தக் கருவியின் சூட்சுமம் தெரிந்த ஆட்களைக் கூலி கொடுத்து வரவழைத்தார்கள்.

அந்தச் சூட்சுமம் நம் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குத்தான். காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் அகலம் 6 அடி. சக்கரத்தின் சுற்றளவு 12 அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆறால் வகுத்தால், ஓர் ஏக்கரை விதைக்கக் கருவி 7,260 அடி ஓட வேண்டும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சக்கரம் 605 சுற்று. அவ்வளவும் சுற்றத் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு, அதாவது அறுபதரைச் சுற்று போதும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அடியில் சாக்கை விரித்து, கையால் சுற்றி, விழுந்த விதையை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 120 இராத்தல் கோதுமை என்றால் சாக்கில் 12 இராத்தல் இருக்க வேண்டும். 14 இருந்தால்? ஏக்கருக்கு 20 இராத்தல் வீண்; ஐம்பது ஏக்கருக்கு 1,000 இராத்தல். இதைப் பார்க்காமல் வயலில் இறங்கியவன் நிலம் முடியும் முன்பே விதை காலியாகி நின்றிருப்பான்.

சாக்கில் சரியாக இருந்தாலும் வயலில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஈர மண்ணில் சக்கரம் சுழலாமல் வழுக்கினால் விதை குறையும். கொழு மண்ணில் இருக்கும்போதே வண்டியைப் பின்னுக்குத் தள்ளினால் குழாயின் வாயில் மண் ஏறி அடைத்துக்கொள்ளும். பருவம் முடிந்ததும் பெட்டியைத் துடைத்து, இரும்புக்கு எண்ணெய் பூசி வைக்க வேண்டும். உரமும் போடும் கருவியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மிச்சமிருக்கும் உரம் காற்றின் ஈரத்தை இழுத்து, அடுத்த பருவத்துக்குள் தகட்டை அரித்துவிடும்.

இந்த வேலையின் கொடுமை என்னவென்றால், பிழை அன்றைக்கே தெரியாது. ஒரு குழாய் அடைத்திருந்தாலும் கருவி சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, பச்சை வரிசைகளுக்கு நடுவே ஒரு வெற்று வரிசை வயல் முழுக்க நீண்டு கிடக்கும். சாலையில் போகிறவரெல்லாம் பார்ப்பார்கள். பால்மரம் வெட்டும் உங்களுக்கு இது புதிதல்ல. உளி மேலோடு போனால் மங்கில் பால் வராது. சற்று ஆழ்ந்தால் மரத்தில் காயம். அந்தக் காயம் புதுப்பட்டை வளரும்போது, வருடங்கள் கழித்து, மேடும் முடிச்சுமாய் வெட்டியவரைக் காட்டிக் கொடுக்கும். எந்த அளவுகோலும் பிடிக்காமல் அந்த நூலளவு ஆழத்தை விடியலிருட்டில் கண்டுகொள்ளும் கையைப் படிக்காத கை என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

இப்போது வெளிநாடுகளில் டிராக்டர் இழுக்கும் பெரிய விதைப்புக் கருவிகள் வந்துவிட்டன. குழாய் அடைத்தால் மணி அடித்துச் சொல்லும் மின்கருவியும் உண்டு. அப்படியிருந்தும், முதல் சால் ஓடியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார்; கீழே இறங்குகிறார்; ஒரு கத்தியால் வரிசையைக் கீறி விதையைத் தேடுகிறார்; அது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் மறுபடியும் ஏறி உட்காருகிறார்.